கல்லாப் பெட்டியும் தர்மக் கணக்கும்

கையில் ரசீதுப் புத்தகத்துடன் நாலு பேர் கடை வாசலில் ஏறினால் முதலாளியின் முகம் எப்படி மாறுகிறது என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். அதுவரை வாடிக்கைக்காரரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று பேரேட்டுக்குள் தலையைப் புதைத்துக் கொள்வார். "முதலாளி வெளியூர் போயிருக்கிறார்" என்று முதலாளியே சொல்வதும் உண்டு. வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். எதிர்க் கடைக்காரர் ஐந்நூறு எழுதியிருக்கும் பக்கத்தை மெல்லப் புரட்டிக் காட்டுவார்கள். கடைசியில் அரை மனத்துடன் நூறு ரூபாய் கை மாறும். கொடுத்தவருக்கும் திருப்தியில்லை, வாங்கியவருக்கும் திருப்தியில்லை. தர்ம தேவதைக்கு மட்டும் திருப்தி இருக்குமா?

கொடுப்பதென்றால் போய்விட்டது என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். கல்லாவிலிருந்து வெளியே சென்ற ரூபாய் திரும்பி வராது என்பது அந்தக் கணக்கு. இந்தக் கணக்கு சரிதானா என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இதற்கு நாம் அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போக வேண்டியதில்லை. தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கி முடிச்சூர் ரோட்டில் நடந்தாலே போதும்.

வெள்ளம் சொன்ன பாடம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் வருஷம். அன்றுமுதல் பட்டணம் தெற்கே நீண்டுகொண்டே வந்திருக்கிறது. வயலும் ஏரியும் தோப்புமாக இருந்த முடிச்சூரில் இன்று வீட்டுக்கு வீடு சுவர் உரசுகிறது. ரோட்டின் இருபுறமும் மளிகைக் கடை, மருந்துக் கடை, இரும்புச் சாமான் கடை, பாத்திரக் கடை, சிற்றுண்டிச் சாலை என்று வரிசை வரிசையாகக் கடைகள்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் பக்கத்திலுள்ள வரதராஜபுரத்திலும் தெருவெல்லாம் ஆறாயிற்று. ஆற்றில் ஓட வேண்டிய படகுகள் தெருவில் ஓடின. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அப்போது பலர் பேசினார்கள். சென்னைப் பட்டணத்தைப் பற்றி அந்த விவாதம் எப்படியிருந்தாலும், முடிச்சூரின் கதை வேறு. செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் கலப்பது முடிச்சூரைத் தாண்டிக் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூரை முழுக்கியது மேற்கே ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பி வழிந்த நீராகும். அந்த நீர் போவதற்கென்று முன்னோர்கள் விட்டுவைத்த வழி தூர்ந்தும் குறுகியும் போயிருந்தது. வழி கேட்ட நீர், வாசல் வழியாக உள்ளே வந்தது.

நீர் உள்ளே வந்தபோது, இது குடியிருக்கும் வீடு, இது வியாபாரம் செய்யும் கடை என்று பார்க்கவில்லை. அரிசி மூட்டையும் நனைந்தது. மருந்துப் பெட்டியும் நனைந்தது. கணக்குப் புத்தகமும் நனைந்தது. நீர் வடிந்த பிறகும் கடைக்காரருக்குக் கஷ்டம் வடியவில்லை. வாடிக்கைக்காரர்கள் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். எஞ்சியிருந்தவர்கள் கையிலிருந்த பணத்தைச் சுவரும் கட்டிலும் பழுது பார்ப்பதில் செலவழித்தார்கள். 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்துத் தாழ்ந்த இடங்களில் மறுபடியும் நீர் புகுந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஊர் நன்றாயிருந்தால்தான் கடை நன்றாயிருக்கும். ஏரிக்கரையைச் செப்பனிடும் தர்ம சங்கத்துக்கு ஒரு கடைக்காரர் ஆயிரம் ரூபாய் கொடுத்தால், அது தர்மமும் ஆகும். அவருடைய அரிசி மூட்டைக்குக் கட்டிய இன்ஷூரன்ஸும் ஆகும். செல்வம் படைத்த உபகாரியை வள்ளுவர் ஊரார் நீருண்ணும் குளத்துக்கு ஒப்பிட்டார். முடிச்சூர் வியாபாரிகளுக்கு அது உவமை மட்டும் அன்று. உண்மையாகவே அவர்கள் காக்க வேண்டிய குளம் கண்ணெதிரே இருக்கிறது.

மகமை என்னும் மகத்தான ஏற்பாடு

இப்படிச் சொன்னால், "இதெல்லாம் புதிய யோசனை, நடைமுறைக்கு வருமா?" என்று சிலர் கேட்கக்கூடும். புதிய யோசனையே அன்று. நமது நாட்டு வியாபாரிகள் நெடுங்காலமாகச் செய்து வந்ததுதான். அதற்கு 'மகமை' என்று பெயர்.

தென் ஜில்லாக்களில் விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வியாபாரிகள் பேட்டை அமைத்து வியாபாரம் செய்தார்கள். பேட்டைக்குள் வருகிற சரக்கில், விற்கிற மூட்டையில், இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொது நிதிக்குச் சேரும். அதுதான் மகமை. யாரும் ரசீதுப் புத்தகம் தூக்கிக்கொண்டு வீடு வீடாய் அலைய வேண்டியதில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுமில்லை. வண்டிக் கூலி எப்படியோ, எடைக் கூலி எப்படியோ, அப்படியே தர்மமும் வியாபாரத்தில் ஒரு செலவினம். நல்ல வியாபாரம் நடந்தால் மகமை பெருகும்; மந்தமானால் மகமையும் குறையும். ஆகவே எந்தக் காலத்திலும் அது கொடுப்பவரின் கழுத்தை நெரிப்பதில்லை. நகரத்தார் சமூகத்திலும் வியாபாரக் கணக்கில் தர்மத்துக்கென்று மகமை ஒதுக்கும் வழக்கம் இருந்தது.

இந்த நிதியினால் என்ன விளைந்தது? கிணறுகள், சாவடிகள், கோயில் திருப்பணிகள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிக்கூடம். விருதுநகரில் 1889-ஆம் வருஷம் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை இவ்விதம் ஊராரின் பொதுப் பணத்தில் வளர்ந்தது. வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள் என்பதும் பிரசித்தம். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் சம்பளமில்லாமல் படித்த பிள்ளைகளில் ஒருவர்தான், 1903-ல் பிறந்து, பின்னால் தமிழ்நாட்டின் முதலமைச்சராகி, பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு அளித்த காமராஜர். விருதுநகரில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்த பிடி அரிசி, பிற்பாடு நாடெங்கும் எத்தனை தட்டுகளில் சோறாயிற்று என்று யாரால் கணக்கிட முடியும்?

வியாபாரிகளுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். கணக்கெழுதத் தெரிந்த பிள்ளைகள் ஊரிலேயே கிடைத்தார்கள். நிதியைச் சேர்ந்து நிர்வகித்ததனால் ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் வந்தது. நம்பிக்கைதான் கடனுக்கு அஸ்திவாரம். கடன்தான் பெரிய வியாபாரத்துக்கு அஸ்திவாரம். 1921-ஆம் வருஷம் தூத்துக்குடியில் அச்சமூகத்தார் தமக்கென்று ஒரு பாங்கு தொடங்கினார்கள். அதுவே பிற்காலத்தில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு என்று பெயர் பெற்றது. பொதுப் பணத்தைப் பல வருஷங்கள் சேர்ந்து கையாண்டவர்களுக்கு, பாங்கு நடத்துவது முற்றிலும் புதிய வித்தையாக இருந்திருக்காது அன்றோ?

குரோம்பேட்டையில் ஒரு தியாகம்

முடிச்சூரிலிருந்து அதிக தூரம் போகாமல் இன்னோர் உதாரணம் பார்க்கலாம். தாம்பரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் வடக்கே உள்ள குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றினால்தான். ஆனால் அவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தது தோல் அன்று, கல்வி.

சி. ராஜம் என்ற தொழிலதிபர், சுதந்திரம் பெற்ற பாரதத்துக்குத் தொழில் நிபுணர்கள் வேண்டும் என்று எண்ணினார். எண்ணியதோடு நிற்காமல், தாம் வாழ்ந்த 'இந்தியா ஹவுஸ்' என்னும் மாளிகையை விற்றுப் பணம் கொடுத்தார். அவருடைய முயற்சியால் 1949-ஆம் வருஷம் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜி தோன்றியது. விமானத் தொழில், மோட்டார் தொழில், மின்னணுவியல், கருவியியல் ஆகிய துறைகள் அங்கே கற்பிக்கப்பட்டன. இவற்றைச் சொல்லித் தரும் இடங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலம் அது. ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் விமானத் தொழில் படித்தது இங்கேதான். 1978-ஆம் வருஷம் இந்தக் கலாசாலை அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று.

ராஜம் அவர்கள் இதனால் தமது கஜானாவுக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் அல்லர். கணக்குப் பார்ப்பவர் குடியிருக்கும் வீட்டை விற்க மாட்டார். ஆனால், இங்கே படித்துத் தேறியவர்களால் நாட்டின் தொழில்களுக்கெல்லாம் லாபம் வந்தது. சென்னைக்குத் தெற்கே மோட்டார், இயந்திரத் தொழிற்சாலைகள் பெருகியபோது, பயிற்சி பெற்ற இளைஞர்களைக் கடல் கடந்து தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு முதலாளி செய்த தர்மத்தின் பலனை ஓராயிரம் முதலாளிகள் அனுபவிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

வட நாட்டில் டாட்டா குடும்பத்தின் ஏற்பாடு இன்னும் விசித்திரமானது. டாட்டா கம்பெனிகளுக்கெல்லாம் தாய்க் கம்பெனியான டாட்டா சன்ஸின் பங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பாகம் தர்ம ஸ்தாபனங்களின் கையில் இருக்கிறது. அதாவது, அங்கே வியாபாரம் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. தர்மமே வியாபாரத்துக்குச் சொந்தக்காரனாக இருக்கிறது! செல்வர்கள் தங்கள் செல்வத்துக்கு எஜமானர்கள் அல்லர், தர்மகர்த்தாக்களே என்று காந்தி மகாத்மா சொல்லி வந்ததை நேயர்கள் நினைவுகூரலாம்.

சட்டமும் தர்மமும்

மகாத்மா மனச்சாட்சியிடம் விட்டதை, பின்னால் சர்க்கார் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் அமுலுக்கு வந்தது. ஐந்நூறு கோடி ரூபாய் நிகரச் சொத்து, அல்லது ஆயிரம் கோடி ரூபாய் வர்த்தகம், அல்லது ஐந்து கோடி ரூபாய் நிகர லாபம் உள்ள கம்பெனிகள், முந்திய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று அது விதித்தது.

அந்தச் சட்டத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒரு சிறு வாசகம். கம்பெனி தான் தொழில் நடத்தும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முதலிடம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. 'அண்டை வீட்டானை முதலில் பார்' என்று பாட்டி சொன்னதைப் பார்லிமென்டும் சொல்லிவிட்டது! சென்னையைச் சுற்றிப் பல ஏரிகள் தூர் வாரப்பட்டதற்கு இந்த வகைப் பணம் உதவியிருக்கிறது. முடிச்சூர்ப் பக்கத்திலேயே வளர்ந்த அருண் கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர், கூகுள் கம்பெனியில் பார்த்து வந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஏரி குளங்களைச் சீர்படுத்தவென்று ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். கீழ்க்கட்டளை ஏரியைச் சீர்திருத்தும் திட்டத்துக்காக 2012-ல் அவருக்கு ரோலக்ஸ் பரிசு கிடைத்தது. தொண்டர்களின் உழைப்பும் கம்பெனிகளின் பணமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஸ்தாபனத்தின் வேலைகள் சாட்சி.

சிறிய கடைக்காரரைச் சட்டம் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் அவருக்கு லாபமில்லை என்று அர்த்தமில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முடிச்சூர் ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மாதம் ஆறு லட்சம் ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்குக் கால் ரூபாய் மகமை என்று எடுத்து வைத்தால், மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய். இதைப் பக்கத்திலுள்ள ஓர் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு அரிசியும் பருப்புமாகக் கொடுக்கிறார். இந்தச் செய்தி நாலு வீட்டுக்குத் தெரிகிறது. மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்கும் மூன்று குடும்பங்கள் புதிதாக அந்தக் கடைக்கு வருகின்றன. நூற்றுக்குப் பத்து லாபமென்றால், அந்த மூன்று குடும்பங்களால் மட்டும் மாதம் ஆயிரத்தெண்ணூறு ரூபாய். கொடுத்ததற்கு மேல் முந்நூறு ரூபாய் கல்லாவில் இருக்கிறது, பிள்ளைகளும் பசியாறினார்கள். மூன்று குடும்பங்கள் வராமலே போனாலும், மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாயினால் அந்தக் கடை முழுகிவிடப் போவதில்லை.

கல்லாவில் காணப்படாத லாபங்களும் இருக்கின்றன. தம் முதலாளி நல்ல காரியம் செய்கிறார் என்று தெரிந்த சிப்பந்தி, பத்து ரூபாய் கூடுதலாகத் தருகிற அடுத்த கடைக்கு எளிதில் தாவ மாட்டான். வெள்ளமோ தீ விபத்தோ வந்தால், ஊரார் அந்தக் கடைக்குக் கை கொடுக்க முன்வருவார்கள். ஆன்லைன் மூலம் வீட்டுக்கே சாமான் வந்து சேரும் இந்தக் காலத்தில், நேரே நடந்து போய்க் கடைக்காரரிடம் வாங்குவதற்கு ஜனங்களுக்கு ஒரு காரணம் வேண்டும். விலையில் பெரிய கம்பெனிகளை அவர் வெல்ல முடியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் முன் வரிசையில் உட்காரும் உரிமை அவருக்குத்தான் உண்டு. அந்தப் பெரிய கம்பெனிகளுக்கு இல்லை.

ட்யூப் லைட் தர்மம்

இவ்வளவும் சொன்ன பிறகு, ஓர் ஆட்சேபணைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "லாபத்துக்காகச் செய்வது தர்மமாகுமா? அது விளம்பரம் அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கோயில் பிராகாரத்தில் உபயதாரரின் பெயரை ட்யூப் லைட்டின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி, வெளிச்சத்தில் பாதியைப் பெயரே விழுங்கிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். 2015 வெள்ளத்தின்போது, யாருக்கும் உதவாத பழந்துணிகள் தெரு ஓரங்களில் குவிந்து கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. கொடுத்தவர்களுக்குப் பீரோ காலியாயிற்று; வாங்கியவர்களுக்கு ஒரு குப்பைமேடு கிடைத்தது.

தன் சரக்குக்கு விளம்பரம் தேடிக்கொள்ளும் பொருட்டுச் செய்யும் உபயங்களைச் சமூகப் பணிக் கணக்கில் எழுதக் கூடாதென்று சர்க்கார் விதிகளே 2021-ல் திட்டமாகச் சொல்லிவிட்டன. நமது அபிப்பிராயமும் அதுவே. நல்ல பெயர் என்பது நிழலைப் போன்றது. ஒளியை நோக்கி நடப்பவன் பின்னால் தானே வரும். அதைப் பிடிக்க வேண்டுமென்று திரும்பி ஓடினால் பாதைதான் தவறும். ஆகவே லாபம் வருவது தப்பில்லை. லாபத்தை அளந்துகொண்டே கொடுப்பதுதான் தப்பு. ஜனங்கள் ஏமாளிகள் அல்லர். ஆயிரம் ரூபாய்க்குத் தர்மம் செய்து பத்தாயிரம் ரூபாய்க்குத் தட்டி வைத்தால், தட்டியைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

ஆதலால் வியாபாரிகளுக்கு நாம் சொல்லும் யோசனைகள் இவை. முதலாவது, பத்து இடங்களில் பத்து பத்து ரூபாயாகச் சிதறாமல், பக்கத்தில் உள்ள ஒரு நல்ல ஸ்தாபனத்தைத் தேர்ந்து, வருஷக்கணக்கில் அதற்கே துணை நில்லுங்கள். இரண்டாவது, என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். அரிசி வேண்டும் என்பவர்களுக்குப் போர்வை கொடுக்காதீர்கள். மூன்றாவது, பணத்தைவிடத் தொழில் பெரிது. மருந்துக் கடைக்காரர் முதியோர் இல்லத்தின் மருந்துப் பட்டியலைச் சரி பார்த்துத் தரலாம். இரும்புச் சாமான் கடைக்காரர் மழைக் காலத்தில் நீர் இறைக்கும் பம்பு கொடுக்கலாம். வான் வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வானைக் கொடுக்கலாம். நான்காவது, வாங்கும் ஸ்தாபனத்திடம் வருஷக் கணக்குக் கேளுங்கள். கணக்குக் கேட்பது அவமரியாதை அன்று. மகமைக்குக் கணக்கு வைத்திருந்ததனால்தான் விருதுநகர்ப் பள்ளிக்கூடம் நிலைத்தது.

குடும்பத்தாருக்கும் இதில் பங்கு இருக்கிறது. மாதம் பிறந்ததும் மளிகைச் சீட்டு எழுதும் தாய்மார்களே, எந்தக் கடைக்கு அந்தச் சீட்டுப் போகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. விலையும் எடையும் தரமும் ஒன்றாயிருக்கும்போது, ஊருக்கு உழைக்கும் கடைக்கு அந்தச் சீட்டை அனுப்புங்கள். கொடுப்பவர் நஷ்டப்படாமல் இருந்தால்தான் அடுத்த வருஷமும் கொடுப்பார்.

ஐப்பசி பிறந்தால் அடைமழை. அதற்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முடிச்சூர் ரோட்டு வியாபாரிகள் ஒரு மணி நேரம் கடையைத் தாமதமாகத் திறக்கட்டும். எல்லோரும் ஏரிக்கரை வரையில் நடந்து போய், நீர் போகும் வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். திரும்பி வரும்போது, ரசீதுப் புத்தகத்துடன் எதிரே வருகிற நாலு பேரைக் கண்டு யாரும் பேரேட்டுக்குள் ஒளிய மாட்டார்கள் என்றே நாம் நம்புகிறோம்.